தரப்படுத்தலும் இசட் புள்ளியும்: மலையகத்தின் பல்கலைக்கழக வாசல்

இலங்கையின் கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை ஒரே வேளையில் இரண்டு பணிகளைச் செய்கிறது. பாடசாலைக் கல்வியை ஒரு மாணவர் முறையாக நிறைவு செய்தார் என்று சான்று வழங்குவது அவற்றில் ஒன்று. அரச பல்கலைக்கழகங்களில் உள்ள மட்டுப்பட்ட இடங்களுக்கு யாரைச் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானிப்பது மற்றொன்று. முதற்பணிக்கு, ஒரு மாணவர் குறித்த மட்டத்தைத் தாண்டினாரா என்று பார்த்து ஏ, பி, சி, எஸ் என்ற தரங்களில் ஒன்றை வழங்கினால் போதும். இரண்டாவது பணிக்கு அது போதாது. அங்கே ஒவ்வொரு மாணவரையும் நாட்டிலுள்ள ஏனைய மாணவர்கள் அனைவரோடும் ஒப்பிட்டு, ஒருவருக்குப் பின் ஒருவராக வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த ஒப்பீட்டை எந்தக் கணக்கின்படி செய்வது, யாரை யாரோடு ஒப்பிடுவது என்ற இரண்டு கேள்விகளும் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக இலங்கை அரசியலைக் கலக்கியிருக்கின்றன. இந்த வரலாறு பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் இழப்பை மையமாக வைத்தே எழுதப்பட்டுள்ளது. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பார்க்கும்போது அதே வரலாறு வேறொரு வடிவம் கொள்கிறது.

வாசலுக்கு வெளியே இருந்த காலம்

1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோது, அதற்கான நுழைவுப் பரீட்சையைப் பல்கலைக்கழகமே நடத்தியது. பரீட்சையின் மொழி ஆங்கிலம். ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராயிருந்த அந்நாளில் இடங்கள் சில நூறுக்குள் அடங்கின. அவற்றுக்குப் போட்டியிட்டவர்கள் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களின் ஆங்கிலப் பாடசாலைகளில் பயின்றவர்கள். எல்லோரும் ஒரே மொழியில், ஏறக்குறைய ஒரே தரமான ஆய்வுகூட வசதியோடு படித்து வந்ததால், பெற்ற புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்துவதில் எவரும் பெரிய குறை காணவில்லை.

தோட்டப் பிள்ளைகள் அந்த வரிசையை எட்டிப் பார்க்கவும் வழியிருக்கவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்தில் வாழும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. ஆயினும் அந்தப் பொறுப்பு ஆரம்ப வகுப்புகளுக்கு அப்பால் செல்லவில்லை. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் என்பவை ஒரு கொட்டிலும் ஓர் ஆசிரியரும்தான். ஐந்தாம் வகுப்போடு அங்கே படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க விரும்பிய பிள்ளை நகரத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும், அதற்குப் பேருந்துக் கட்டணமோ விடுதிச் செலவோ ஒரு கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் கையில் இருந்ததில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தபோதும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் அந்த நீரோட்டத்துக்கு வெளியே விடப்பட்டன.

இதற்கு மேலாக 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பான்மையோர் அதனால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளும் கைநழுவின. ஆனால் தேர்தல் தொகுதிகளைப் பிரித்தபோது, வாக்களிக்க உரிமையற்ற இம்மக்களின் தலைகளும் மாவட்டக் குடித்தொகையில் சேர்த்தே எண்ணப்பட்டன. அதனால் மலைநாட்டு மாவட்டங்களுக்குக் கூடுதல் ஆசனங்கள் கிடைத்தன, அந்த ஆசனங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் உரிமை மட்டும் அவர்களுக்கு இருக்கவில்லை. எண்ணிக்கையில் சேர்ப்பதும் பயனில் சேர்க்காமல் விடுவதுமான இதே கணக்கு பின்னர் பல்கலைக்கழக அனுமதியிலும் திரும்பி வந்தது.

மொழிமூலமும் தரப்படுத்தலும்

1960களில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. பல்கலைக்கழகம் தானே நடத்திவந்த நுழைவுப் பரீட்சை நின்றுபோய், பரீட்சைத் திணைக்களம் நடத்தும் உயர்தரப் பரீட்சையே அந்த இடத்தைப் பிடித்தது. அதே காலத்தில் முதலில் கலைப் பாடங்களும் பின்னர் விஞ்ஞானப் பாடங்களும் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்பட்டு, பரீட்சையும் அம்மொழிகளில் நடந்தது. இப்போது ஒரே வினாத்தாளுக்கு மூன்று மொழிகளில் விடை எழுதப்பட்டது. சிங்கள விடைத்தாளைச் சிங்களப் பரீட்சகரும் தமிழ் விடைத்தாளைத் தமிழ்ப் பரீட்சகரும் திருத்தினர். இரு தரப்பும் ஒரே கண்டிப்போடு திருத்தினவா என்ற ஐயம் எழுவதற்கு இந்த ஏற்பாடே இடம் கொடுத்தது. 1970இல் பொறியியல், மருத்துவ பீடங்களுக்குத் தெரிவானோரில் தமிழ்மொழி மூல மாணவர் பெருந்தொகையாக இருந்தபோது, தமிழ்ப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்ற குற்றச்சாட்டுக் கிளம்பியது. அது விசாரணையில் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசு, பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்த வேளையில், இரு மொழிமூலத்துக்கும் வெவ்வேறு தகைமைப் புள்ளிகளை விதித்தது. மருத்துவ பீடத்துக்கு நான்கு பாடங்களின் மொத்தமான 400இல் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகள் பெற வேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாயிற்று.

வெளிப்படையான இந்த வேறுபாட்டுக்குப் பதிலாக 1973இல் ஒரு புள்ளிவிவரக் கணக்கு கொண்டுவரப்பட்டது. அதுவே தரப்படுத்தல் என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு மொழிமூலத்தவரின் புள்ளிகளைத் தனித்தனியே எடுத்து, இரண்டு தொகுதிகளின் சராசரியும் புள்ளிகளின் பரம்பலும் சமமாகுமாறு ஒரு பொது அளவுக்கு மாற்றுவது அதன் செயல்முறை. இரு மொழிமூல மாணவரின் சராசரித் திறமையும் உண்மையில் ஒன்றே, புள்ளியில் தெரியும் வேறுபாடு திருத்தியவராலோ கற்பித்தல் வசதியாலோ வந்தது என்ற ஊகத்தின்மீது அக்கணக்கு நின்றது. அந்த ஊகத்தை ஏற்றால், பரீட்சைக்குத் தோற்றியோர் எந்த விகிதத்தில் உள்ளனரோ ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் தெரிவானோரும் இருப்பர்; ஏனெனில் கணக்கு முன்கூட்டியே இரு தொகுதிகளையும் சமப்படுத்திவிடுகிறது.

1974இல் இதன்மேல் மாவட்ட ஒதுக்கீடு ஏற்றப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் குடித்தொகைக்கு ஏற்ப இடங்கள் பகிரப்பட்டன. விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளில் 1970இல் 35 சதவீதத்தைத் தாண்டியிருந்த தமிழரின் பங்கு 1974இல் சுமார் 21 சதவீதமாகச் சுருங்கியது. யாழ்ப்பாணத்து இளைஞரிடையே அது விதைத்த கசப்பும் அதன் அரசியல் விளைவுகளும் நன்கு அறியப்பட்டவை.

மலையகத்துக்கு இந்த மாற்றங்களால் நேர்ந்தது என்ன என்ற கேள்வி அப்போது பெரிதாகக் கேட்கப்படவில்லை. தமிழ்மொழி மூலம் என்ற ஒரே தொகுதிக்குள் யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற கல்லூரி மாணவரும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து அரிதாக உயர்தர வகுப்பை எட்டிய மாணவரும் ஒன்றாகவே வைக்கப்பட்டனர். ஆகவே ‘தமிழ்மொழி மூல மாணவர் வசதி மிக்கவர்’ என்ற ஊகத்தின் பாரம், அந்த வசதியில் எதையும் கண்டிராத தோட்டப் பிள்ளையின் தலையிலும் விழுந்தது. மறுபுறம், மாவட்ட ஒதுக்கீடு நுவரெலியாவுக்குச் சில இடங்களைக் கொண்டுவந்தது. தோட்ட மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்ததாலேயே அந்த மாவட்டத்தின் குடித்தொகை பெரிதாயிருந்தது. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்குள் இனம், மொழிமூலம், நகரம், தோட்டம் என்று எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. உயர்தர வகுப்பே இல்லாத தோட்டப் பாடசாலைகளிலிருந்து அந்த இடங்களுக்குப் போட்டியிட ஆள் இல்லாதபோது, அவை நகரங்களிலும் கிராமங்களிலும் இருந்த பாடசாலைகளின் மாணவருக்கே போய்ச் சேர்ந்தன. தேர்தல் தொகுதிப் பிரிப்பில் நடந்தது போலவே, இங்கும் தோட்டத் தொழிலாளியின் தலை எண்ணப்பட்டது. பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை.

விகிதாசாரங்களின் மாற்றம்

1970களின் பிற்பகுதியிலிருந்து சூத்திரம் பலமுறை திருத்தப்பட்டது. முதலில் 70 சதவீத இடங்கள் தரப்படுத்திய புள்ளிகளின்படியும், 30 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்பட்டன. அந்த 30இல் பாதி பின்தங்கிய மாவட்டங்களுக்கு. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு மொழிமூலத் தரப்படுத்தலைக் கைவிட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ்ப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தோன்றி, அனுமதிப் பொறுப்பை ஏற்றது. 1979இல் 30 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டக் குடித்தொகை அடிப்படையிலும், 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று வகுக்கப்பட்டது. அந்தப் பங்குகளும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலும் இடையிடையே மாறி, பின்னாளில் 40, 55, 5 என்ற விகிதம் நிலைபெற்றது. இன்றைய பட்டியலில் நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, அம்பாந்தோட்டை, அநுராதபுரம், பொலனறுவை, புத்தளம் ஆகியவற்றோடு வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் சேர்ந்து 16 மாவட்டங்கள் உள்ளன. ஒரு காலத்தில் மிதமிஞ்சிய வசதி பெற்றதாகக் கருதப்பட்ட யாழ்ப்பாணம், இன்று அந்த 16இல் ஒன்றாக நிற்கிறது.

விகிதாசாரங்களை எண்ணில் வைத்துப் பார்த்தால் அவற்றின் பொருள் தெளிவாகும். ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் 400 இடங்கள் எந்த மாவட்டத்தவர் என்று பாராமல் அகில இலங்கை வரிசைப்படி நிரப்பப்படும். அடுத்த 550 இடங்கள் மாவட்டங்களுக்குப் பகிரப்படும். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் 7,11,644 பேர் வாழ்ந்தனர். அது நாட்டின் குடித்தொகையில் சுமார் 3.5 சதவீதம். ஆகவே 550இல் 19 இடங்கள் அம்மாவட்டத்துக்கு வரும். எஞ்சிய 50 இடங்கள் 16 பின்தங்கிய மாவட்டங்களுக்குள் அவற்றின் குடித்தொகைப்படி பங்கிடப்படும்போது மேலும் ஏறத்தாழ நான்கு இடங்கள் சேரும். இந்த 23 இடங்களில் கடைசி இடத்தைப் பிடித்த மாணவர் பெற்ற புள்ளியே அம்மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகைகளில் வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளில், கொழும்புக்கு ஓர் எண்ணும் நுவரெலியாவுக்கு அதனினும் குறைந்த ஓர் எண்ணும் இருப்பதற்குக் காரணம் இதுவே. குறைந்த எண்ணிக்கையான பாடசாலைகளில் மட்டும் கற்பிக்கப்படும் பாடங்களைத் தகைமையாகக் கோரும் கற்கைநெறிகளுக்கு இந்தப் பங்கீடு பொருந்தாது. அவை அகில இலங்கை வரிசைப்படியே நிரப்பப்படுகின்றன.

இசட் புள்ளியின் கணக்கு

மாவட்டங்களுக்கிடையே இடங்களைப் பகிர்வது ஒரு பிரச்சினை. ஒரே மாவட்டத்தில் வெவ்வேறு பாடங்களைப் படித்த இருவரை ஒப்பிடுவது வேறொரு பிரச்சினை. மொழிமூலத் தரப்படுத்தல் நீங்கியபின் 2000ஆம் ஆண்டு வரை, பாடங்களில் பெற்ற புள்ளிகள் நேரடியாகக் கூட்டப்பட்டன. இந்தக் கூட்டலில் ஒரு மறைவான அநீதி இருந்தது. ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினமாக அமைந்தால், அதைத் தெரிவு செய்த மாணவர் அனைவரும் காரணமின்றிப் பின்தள்ளப்பட்டனர். இலகுவாக அமைந்த பாடத்தை எடுத்தவர் உழைப்பின்றி முன்னேறினார். பாடவிதான மாற்றத்தின்படி 2000இல் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன; அவற்றோடு பொதுச் சாதாரணப் பரீட்சையும் சேர்ந்தது. அடுத்த ஆண்டுப் பரீட்சையிலிருந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்மொழிந்த இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது.

இசட் புள்ளி என்பது ஒரு மாணவர் தம் பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதைக் காட்டும் எண். அதைக் கணிக்க இரண்டு அளவுகள் தேவை. ஒன்று சராசரி, அதாவது அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் புள்ளிகளையும் கூட்டி அவர்களின் தொகையால் வகுத்த எண். மற்றது நியமவிலகல், அதாவது புள்ளிகள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு. 1890களில் கார்ல் பியர்சன் இதற்கு இன்றைய பெயரையும் வடிவத்தையும் கொடுத்தார். மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வரும் எண்ணை நியமவிலகலால் வகுத்தால் அப்பாடத்தின் இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்து, நான்கு தசமதானங்களில் எழுதுவர்.

உதாரணத்துக்காக, ஓராண்டில் உயிரியலின் சராசரி 45, நியமவிலகல் 15 என்றும், இரசாயனவியலின் சராசரி 38, நியமவிலகல் 16 என்றும், பௌதிகவியலின் சராசரி 40, நியமவிலகல் 20 என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி உயிரியலில் 72, இரசாயனவியலில் 70, பௌதிகவியலில் 66 பெறுகிறார். உயிரியலில் அவர் சராசரியைவிட 27 கூடுதலாகப் பெற்றுள்ளார். அதை 15ஆல் வகுக்க 1.8 வரும். இரசாயனவியலில் 32ஐ 16ஆல் வகுக்க 2.0. பௌதிகவியலில் 26ஐ 20ஆல் வகுக்க 1.3. மூன்றின் கூட்டுத்தொகை 5.1; மூன்றால் வகுத்தால் 1.7000. இன்னொரு மாணவர் உயிரியலில் 66, இரசாயனவியலில் 70, பௌதிகவியலில் 72 பெறுகிறார். இருவரின் மொத்தமும் 208தான். ஆனால் இரண்டாமவரின் இசட் புள்ளிகள் 1.4, 2.0, 1.6 என அமைந்து, சராசரி 1.6667 ஆகிறது. புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும் உயிரியலில் ஆறு புள்ளி கூடப் பெறுவது, பரந்து கிடக்கும் பௌதிகவியலில் ஆறு புள்ளி கூடப் பெறுவதைவிடப் பெறுமதியானது என்று இக்கணக்கு தீர்ப்பளிக்கிறது. வெட்டுப்புள்ளியின் விளிம்பில் மூன்றாம் நான்காம் தசமதான வேறுபாட்டால் மருத்துவ பீடம் தவறிப்போகும் நிலையில், 0.0333 என்பது சிறிய எண்ணன்று.

முந்திய தரப்படுத்தலோடு இம்முறையை ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு தெரியும். இரண்டும் சராசரியையும் பரம்பலையும் கொண்டே கணிக்கின்றன. ஆனால் 1973இன் கணக்கு ஒரே பாடத்தை எழுதியோரை மொழிமூலத்தால் இரண்டாகப் பிரித்தது, இசட் புள்ளியோ ஒரு பாடத்தை எந்த மொழியில் எழுதினாலும் அனைவரையும் ஒரே தொகுதியாகக் கொள்கிறது. கணிதக் கருவி ஏறக்குறைய ஒன்றாயிருக்க, யாரை ஒரு தொகுதியாகக் கொள்வது என்ற முடிவே இரண்டு முறைகளின் நியாயத்தையும் வேறுபடுத்துகிறது. அமெரிக்காவின் கல்லூரி அனுமதிக்கான சாட் பரீட்சையில் 1941இல் எழுதிய மாணவர் தொகுதியின் சராசரியை 500 என்றும் நியமவிலகலை 100 என்றும் நிறுத்தி, பல பத்தாண்டுகளுக்கு அதையே அளவுகோலாகப் பேணினர். இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டு தோற்றியவரே அளவுகோல். ஆதலால் ஓராண்டின் இசட் புள்ளியை இன்னோராண்டின் இசட் புள்ளியோடு ஒப்பிட்டு மாணவர் தரம் உயர்ந்தது, தாழ்ந்தது என்று பேசுவது பொருளற்றது.

தொகுதியைத் தவறாக வகுத்தால் என்ன ஆகும் என்பதை 2011ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டியது. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியோரும் புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை தோற்றியோரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதினர். இரு தொகுதிகளின் தரவுகளையும் இணைத்துக் கணித்த இசட் புள்ளிகள் வெளியானதும் நாடெங்கும் ஆட்சேபம் கிளம்பியது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளைச் செல்லுபடியற்றவை என்று தீர்த்து, இரு பாடத்திட்டத்தவரையும் இரு தனித் தொகுதிகளாகக் கொண்டு மீளக் கணிக்கும்படி பணித்தது. சூத்திரம் பிழைக்கவில்லை, அதற்குள் இடப்பட்ட தொகுதி பிழையாயிருந்தது.

மாவட்டத்துக்குள் மறைந்த தோட்டம்

இந்தப் பாடத்தை மலையகத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபின், 1970களின் இறுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. சுவீடன் நாட்டு உதவியால் கட்டடங்களும், ஜெர்மன் உதவியால் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் எழுந்தன. தோட்டப் பகுதிகளிலிருந்தே இளைஞர்கள் ஆசிரியராக நியமனம் பெற்றனர். பிரஜாவுரிமை வழங்கிய 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள், படித்தும் அரச உத்தியோகம் கிடையாது என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன்னரே ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்த இர. சிவலிங்கம் போன்றோர் 1960களில் ஒரு மாணவர் எழுச்சிக்கு வித்திட்டிருந்தனர். அக்கல்லூரியும் நுவரெலியா பரிசுத்த திரித்துவ மத்திய கல்லூரியும் கொட்டகலை கேம்பிரிட்ஜ் கல்லூரியும் இன்று தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகின்றன.

ஆயினும் ஒதுக்கீட்டின் அலகு மாவட்டமாகவே இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரான்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. தோட்ட லயமும் நகரத்துப் பெரிய பாடசாலையும் பழைய சிங்களக் கிராமமும் அங்கே ஒரே பட்டியலில் போட்டியிடுகின்றன. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைத் தமிழில் நடத்தும் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு தோட்டப் பிள்ளை உயர்தரத்துக்கு முந்திய சாதாரணதரப் பரீட்சையில் எவ்வளவு சிறப்பாகச் சித்தியடைந்தாலும், அருகில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால் கலைப்பிரிவில் சேருவதே வழக்கம். கலைப்பிரிவில் சேர்ந்தவருக்கு மருத்துவ பீடத்தின் மாவட்ட வெட்டுப்புள்ளி எவ்வளவு குறைந்தாலும் அதனால் ஒரு பயனுமில்லை.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. கண்டி மாவட்டத்தின் புசல்லாவை, தெல்தோட்டைத் தோட்டங்களிலும், மாத்தளை, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலும் அதே லயங்கள், அதே கொழுந்து, அதே சம்பளப் போராட்டம். ஆனால் அம்மூன்று மாவட்டங்களும் பின்தங்கிய பட்டியலில் இல்லை. புசல்லாவைத் தோட்டப் பிள்ளை கண்டி நகரின் முன்னணிக் கல்லூரி மாணவரோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். சில மைல் தொலைவில், மாவட்ட எல்லைக்கு அப்பால் பிறந்திருந்தால் அவருக்கு வேறொரு வெட்டுப்புள்ளி. குறைந்த வெட்டுப்புள்ளியைத் தேடி வெளிமாவட்ட மாணவர் நுவரெலியா மாவட்டப் பாடசாலைகளில் வந்து சேர்வதாக மலையகத்தில் நெடுங்காலமாக முறைப்பாடு இருந்துவருகிறது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் கற்ற பாடசாலையைக் கொண்டு மாவட்டத்தைத் தீர்மானிக்கும் விதி அதைத் தடுக்கவே உருவானது. ஓர் எல்லைக்கோட்டுக்கு இவ்வளவு பெறுமதி ஏற்பட்டபின், அதைக் கடக்க முயல்வோர் இருக்கத்தான் செய்வர்.

இசட் புள்ளியால் இந்தக் குறைகளைத் தீர்க்க முடியாது. அதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை. பாடங்களுக்கிடையே உள்ள கடின வேறுபாட்டை அது சீர்செய்கிறது. ஆய்வுகூடம் இல்லாமல் இரசாயனவியல் படித்த மாணவியையும், ஒவ்வொரு பாடத்துக்கும் தனியார் வகுப்புக்குச் சென்ற மாணவரையும் அது ஒரே சராசரியிலிருந்து அளக்கிறது. மாவட்ட ஒதுக்கீடு அந்த வேறுபாட்டைத் தொட முயல்கிறது. ஆனால் அது பிள்ளையின் பாடசாலையில் என்ன இருந்தது என்று பார்ப்பதில்லை, பாடசாலை எந்த எல்லைக்குள் இருந்தது என்று மட்டுமே பார்க்கிறது. பாடசாலையின் வசதியையோ கல்வி வலயத்தையோ அலகாகக் கொண்டால் ஒதுக்கீடு உரியவரை நெருங்கும். அதற்குத் தேவையான தரவுகள் கல்வித் திணைக்களங்களில் ஏற்கெனவே உள்ளன.

1970இலிருந்து இன்றுவரை வந்த ஒவ்வொரு சூத்திரமும் பரீட்சை மண்டபத்துக்குள் வந்து அமர்ந்தவர்களையே ஒப்பிட்டது, ஒப்பிடுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவரையும், விஞ்ஞானப் பிரிவு கிடைக்காததால் பாடம் மாறியவரையும் எந்தச் சராசரியும் எந்த நியமவிலகலும் கணக்கில் எடுப்பதில்லை. மாவட்டக் குடித்தொகையில் தோட்ட மக்களை எண்ணி ஒதுக்கப்படும் இடங்கள் அவர்களின் பிள்ளைகளுக்கே கிடைக்க வேண்டுமானால், சூத்திரத்தைத் திருத்துவதற்கு முன்னரோ அதனோடு கூடவோ, தோட்டங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் தமிழ்மொழி மூல விஞ்ஞான வகுப்பும், ஆய்வுகூடமும், பயிற்றப்பட்ட ஆசிரியரும் வந்தாக வேண்டும்.